மின்சாரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ்

எங்கள் பொரிப்பெட்டியில் நானூற்று எண்பது முட்டைகள் பதினோராவது நாளில் இருந்தபோது, கோப்பும் கையுமாக ஒருவர் வந்து, உங்கள் வீட்டு மின்சாரம் யாருக்குப் பிறந்தது என்று கேட்டார்.

மனிதர்களைப் பற்றி இப்படிக் கேட்டால் கன்னம் பழுத்துவிடும். மின்சாரத்தைப் பற்றிக் கேட்பதற்கென்றே ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு துறை இருக்கிறது. பெயர் மின்பிறப்பு ஆய்வுத் துறை. வந்தவர் அதன் ஆய்வாளர். மரியாதை தெரிந்த மனிதர்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

எங்கள் பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கோழிக்குஞ்சு பொரித்துக் கொடுப்பவள். அலமாரி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள், முப்பத்தேழரை டிகிரி சூடு, இருபத்தொரு நாள். பதினெட்டு நாள் வரைக்கும் தினம் மூன்று தடவை முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும். அதற்கப்புறம் தொடவே கூடாது. உள்ளே குஞ்சு தலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வரத் தயாராகும். அந்த நேரத்தில் ஒரு பகல் முழுக்கச் சூடு தப்பினால் எல்லாம் போச்சு. எங்கள் ஊர்க் கம்பியில் வரும் மின்சாரமோ ஒரு நாளைக்கு ஆறு தடவை போகும். சொல்லிக்கொண்டு போகிற பழக்கமும் அதற்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் மோட்டார்களுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி, ஆனால் கைவேலையில் கெட்டிக்காரர். வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஒரு மதகு இருக்கிறது. அங்கே தண்ணீர் ஓர் ஆள் உயரத்திலிருந்து விழும். அதன் கீழே தகரத்தில் ஒரு சக்கரம் செய்து வைத்து, யாரோ கழித்துக் கட்டிய வாஷிங் மெஷினின் மோட்டாரை அதோடு பூட்டினார். தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றும், காந்தம் சுற்றினால் பக்கத்துச் செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடும். அவ்வளவுதான் சங்கதி. எட்டு மாதமாகப் பெட்டி ஒரு நிமிஷம்கூடக் குளிரவில்லை.

ஆய்வாளர் சக்கரத்தை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார். நாலாவது பக்கம் தண்ணீர் என்பதால் எட்டிப் பார்த்தார்.

"இது எதுலேர்ந்து வருது?"

"தண்ணிலேர்ந்துங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"அது நீங்க சொல்றது. நாங்க சொல்லணும். பிறப்புச் சான்றிதழ் வெச்சிருக்கீங்களா?"

"எனக்குங்களா?"

"கரண்டுக்கு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எங்கே போய்ப் பார்ப்பது? ஆய்வாளர் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஏழு நாளுக்குள் சான்றிதழ் வாங்க வேண்டும், தவறினால் சக்கரத்துக்கு அரக்கு வைத்து முத்திரையிடப்படும் என்று அதில் இருந்தது.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழாம் நாள் என்பது முட்டைகளுக்குப் பதினெட்டாம் நாள்.

"சார், ஒரு பத்து நாள் குடுங்களேன். குஞ்சு வெளிய வந்துடும். அப்புறம் நீங்க சக்கரத்தையே தூக்கிட்டுப் போனாலும் சரி."

"விதியில ஏழுன்னுதாம்மா போட்டிருக்கு. முட்டைன்னு எங்கயும் போடல," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடி. ஒரு ஜன்னலும் திறக்காது, திறக்கத் தேவையில்லை, எல்லா மாடியிலும் குளிர்சாதனம். தரைத்தளத்தில் நிலக்கரிப் பிரிவு. முதல் மாடியில் நீர். இரண்டாவதில் காற்று. மூன்றாவதில் அணு. நாலாவதில் சூரியன். ஐந்தாவதில் இவர்கள் எல்லாருக்கும் மேலே இயக்குநர். ஐந்து மாடியிலும் சேர்த்து ஒரு பல்பு எரியும் அளவுக்குக்கூட யாரும் மின்சாரம் தயாரிப்பதில்லை. தயாரிப்பவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே மாடிதான்.

தண்ணீர் என்று சொன்னதால் மறுநாள் முதல் மாடிக்குப் போனோம். நீர்ப் பிரிவு அதிகாரியின் மேஜைக்குப் பின்னால் கோப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவர் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கோப்பு பார்ப்பாராம். அது வரைக்கும் தேக்கி வைத்து, ஒரே நாளில் மொத்தமாகத் திறந்துவிடுவார் என்று அங்கிருந்த எழுத்தர் பெருமையாகச் சொன்னார். எங்கள் தாளில் 'அவசரம்' என்று இருந்ததால் மட்டும் அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வாய்க்கால் தண்ணியா? வாய்க்காலுக்கு எங்கேர்ந்து வருது?"

"ஆத்துலேர்ந்து பம்பு வெச்சு ஏத்துறாங்க சார்."

"பம்பு எதுல ஓடுது?"

"கரண்டுல."

"அந்தக் கரண்டு?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நிலக்கரி! பம்பு ஸ்டேஷனுக்கு நிலக்கரிக் கரண்டுதான் போகுது. அப்போ உங்க தண்ணி தானா விழல. நிலக்கரி தூக்கி விட்டதால விழுது. இது தண்ணி வேஷம் போட்ட நிலக்கரி. என்கிட்ட ஏன் வந்தீங்க? கீழ போங்க."

மறுநாள் கீழே போனோம். நிலக்கரிப் பிரிவு அதிகாரி கனமான ஆள், கனமான குரல். அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் இருமுவார்கள். நாட்டின் பாதி விளக்குகள் தன் மேஜையிலிருந்துதான் எரிகின்றன என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கரியை எரிக்கறோம், தண்ணி கொதிக்குது, ஆவி சக்கரத்தைச் சுத்துது. நூறு வருஷமா இப்படித்தான். உங்ககிட்ட கரி இருக்கா?"

"இல்லைங்க."

"சாம்பல்?"

"இல்லைங்க. முட்டைதான் இருக்கு."

அவர் எங்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேல இருக்கறவர் நிலக்கரின்னு எழுதியிருக்கார். நல்லா யோசிக்கணும்மா. நிலக்கரின்னா என்ன? முப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி நின்ன காடு. காடு எதைத் தின்னு வளர்ந்தது? வெயிலை. அப்போ நிலக்கரியே சூரியன் போட்டு வெச்ச சேமிப்பு. சூரியப் பிரிவு கையெழுத்து இல்லாம நான் சொந்தத் தகப்பன் மாதிரி எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

பதினாலாம் நாள் நாலாவது மாடி. சூரியப் பிரிவு அதிகாரி அன்று கையெழுத்துப் போடவில்லை. மேகமூட்டம். மேகமூட்டமான நாட்களில் அந்தப் பிரிவு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் கையெழுத்திடும். பதினைந்தாம் நாள் நல்ல வெயில், போனோம். அவர் மிகவும் தூய்மையான மனிதர். புகை இல்லை, இரைச்சல் இல்லை, சாம்பல் இல்லை என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டார். வேலையும் இல்லை என்பதை நாங்களாகப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

"வெயில் தகட்டுல பட்டா கரண்டு. சுத்தறதுக்கு ஒரு சக்கரம்கூடத் தேவையில்ல. உங்க சக்கரத்தைப் பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு," என்றார். "ஆனா ஒண்ணு. சூரியனே எப்படி எரியுதுன்னு யோசிச்சீங்களா? அணுவும் அணுவும் சேர்ந்துதான். எல்லாரும் என்னை ஆதின்னு நினைக்கறாங்க. உண்மையில எனக்கும் ஒரு ஆதி இருக்கு. மூணாவது மாடி."

"அங்க அணுவைப் பிளக்கறாங்கன்னு சொல்வாங்களே சார்?" என்றார் என் வீட்டுக்காரர், பாவம், பத்திரிகை படிக்கிறவர்.

"பிளக்கறது, சேக்கறது எல்லாம் ஒரே குடும்பம்தான்," என்று கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது மாடியில் அதிகாரியைப் பார்க்க மூன்று கதவுகள் தாண்ட வேண்டும். ஒவ்வொரு கதவிலும் பெயர் எழுதி, விரல் ரேகை வைத்து, வந்த காரியம் ரகசியம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அவர் பயன்படுத்திய பேனாக்களைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை. ஈயப் பெட்டிகளில் பூட்டி, இத்தனை ஆயிரம் வருஷம் திறக்கக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். இவ்வளவையும் தாண்டிப் போனால் உள்ளே வழுக்கை விழுந்த ஒரு சோகமான மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க," என்றார் மெதுவாக. "எல்லாரும் எங்களைப் பாத்து நடுங்கறாங்க. நாங்க செய்யறது வெந்நீர் வைக்கறது. அவ்வளவுதான். அணுவைப் பிளந்தா சூடு, சூட்டுல வெந்நீர், வெந்நீர்ல ஆவி, ஆவி சக்கரத்தைச் சுத்தும். கடைசியில சக்கரத்தைச் சுத்தறது யாரு? தண்ணி. என் மனசாட்சிப்படி உங்களை முதல் மாடிக்குத்தான் அனுப்பணும்."

"அங்கேர்ந்துதான் சார் ஆரம்பிச்சோம்!" என்றேன்.

"அப்போ வழி தெரியும். நல்லதாப் போச்சு."

படியிறங்கும்போது காற்றுப் பிரிவு அதிகாரி எதிரே வந்தார். அவர் அலுவலகத்துக்கு எப்போது வருவார், எப்போது போவார் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்தால் எல்லாக் கோப்பும் பறக்கும், வராவிட்டால் ஒரு தாள் அசையாது. எங்கள் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "சக்கரம்னா அது எங்க சொத்து. அதுமேல காத்து படவே இல்லன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவரும் அவரேதான்.

அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, ஒரு முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே இடமே இல்லாமல் இருட்டாக நிறைந்திருந்தது. ஓரத்தில் ஏதோ ஒன்று துடித்து நகர்ந்தது. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் சக்கரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கவலைப்பட்டால் அப்படித்தான்.

பதினேழாம் நாள் இயக்குநரைப் பார்த்தோம். ஐந்தாவது மாடியில் கம்பளம் விரித்த அறை. சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர். நான் வளைத்துப் பேசவில்லை. நாலு நாள் அவகாசம் கொடுங்கள், நானூற்று எண்பது உயிர், என்றேன்.

அவர் கைகளைக் கோத்துக்கொண்டார். "உயிர்தாம்மா எங்களுக்கும் முக்கியம். அதனாலதான் கேக்கறோம். எந்தக் கரண்டுல பொறந்தோம்னே தெரியாம ஒரு குஞ்சு இந்த உலகத்துல எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? யோசிச்சீங்களா?"

நாங்கள் யோசிக்கவில்லைதான்.

"கரண்டு தயாரிக்கறது ஒரு வேலையா? யார் வேணா தயாரிக்கலாம். இதோ உங்க வீட்டுக்காரர் தயாரிக்கறாரே, பழைய மோட்டாரை வெச்சு! ஆனா அது எங்கேர்ந்து வந்ததுன்னு உக்காந்து கேக்கறது இருக்கே, அதுக்குப் படிப்பு வேணும், பொறுமை வேணும், கட்டடம் வேணும். இந்தத் துறை ஆரம்பிச்சு முப்பத்தொரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தப்பான சான்றிதழ் நாங்க குடுத்ததில்ல."

"சரியானது எத்தனை சார் குடுத்திருக்கீங்க?"

"அதுவும் குடுத்ததில்ல," என்றார் இயக்குநர். நிஜமாகவே பெருமையோடுதான் சொன்னார்.

பதினெட்டாம் நாள் காலை ஆய்வாளர் வந்தார். ஒரு கையில் முத்திரை, இன்னொரு கையில் வெந்நீர் பிளாஸ்க். பிளாஸ்க்கில் இருந்தது உருக்கிய அரக்கு. விதிப்படி அரக்கை அலுவலக மின் அடுப்பில்தான் உருக்க வேண்டுமாம். தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ பயன்படுத்தினால் அது சான்றிதழ் இல்லாத சூடு. மதகில் பலகையை இறக்கித் தண்ணீரை நிறுத்தி, சக்கரத்தில் நாடா கட்டி, அரக்கை ஊற்றி முத்திரை வைத்தார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தாம்மா இருக்கு," என்றார். "இந்தாங்க விதிப்புத்தகம். உங்க உரிமையெல்லாம் இதுல இருக்கு."

நூற்று நாற்பது பக்கம். வாங்கி ஒரு மூலையில் எறிந்தேன்.

பெட்டியை ஊர்க் கம்பியில் இணைத்தோம். அது யாரும் பிறப்பைக் கேட்டிராத நல்ல குடும்பத்து மின்சாரம். முதல் நாள் ஏழு தடவை போனது. பத்தொன்பதாம் நாள் எட்டு. வெந்நீர்ப் பானைகளைப் பெட்டிக்குள் வைத்தோம், போர்வைகளைச் சுற்றினோம், வீட்டிலிருந்த கம்பளி மொத்தமும் பெட்டிக்குத்தான். இருபதாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் மாலை ஆறு வரைக்கும் வரவில்லை.

இருபதாம் நாள் குஞ்சுகள் உள்ளேயிருந்து ஓட்டைக் கொத்த ஆரம்பிக்கும். காதை வைத்தால் கேட்கும். நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நூற்றுக்கணக்கில். மத்தியானம் வரைக்கும் கேட்டது. அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டது. நாலு மணி சுமாருக்கு ஒரே ஒரு முட்டையில் மட்டும் கேட்டது. அதைக் கையில் எடுத்து, என் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு அதுவும் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் வாய்க்கால் ஓரத்தில் குழி தோண்டிக்கொண்டே அழுதார். நான் அழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

காலி அறையில் செய்ய வேலை இல்லாததால் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு நாளில் இரண்டு தடவை படித்தேன். எழுதியவர்கள்கூட ஒரு தடவைக்கு மேல் படித்திருக்க மாட்டார்கள். ஒன்பதாவது விதி இப்படிச் சொன்னது: எந்தக் கட்டடத்துக்குள் வரும் மின்சாரமானாலும் சரி, அதன் பிறப்பைப் பற்றிக் குடிமக்களில் எவரும் ஐயம் எழுப்பலாம். ஏழு நாளுக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் அக்கட்டடத்தின் மின் இணைப்புக்கு முத்திரையிடப்படும். முத்திரையிடத் தவறும் ஆய்வாளர் பதவி இழப்பார். ஐயம் எழுப்பியவர் தானே முன்வந்து திரும்பப் பெற்றாலன்றி முத்திரையை அகற்ற முடியாது.

எந்தக் கட்டடமானாலும் சரி என்று இருந்தது. நான் ஒரு தாளை எடுத்து, மின்பிறப்பு ஆய்வுத் துறையின் ஐந்து மாடிக் கட்டடத்துக்குள் வரும் மின்சாரம் யாருக்குப் பிறந்தது என்று எனக்கு ஐயமாக இருக்கிறது என்று எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன்.

ஐயம் எழுப்பியவர் விசாரணையின்போது கூட இருக்கலாம் என்று பதினாலாவது விதி சொன்னது. ஏழு நாளும் நான் போய் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கையோடு தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோவேன். வாழ்க்கையில் அவ்வளவு ரசித்து நான் எதையும் பார்த்ததில்லை.

முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள், மின்நிலையங்களிலிருந்து வரும் கம்பிகளைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து, நம் கட்டடத்துக்கு எந்தக் கரண்ட் வருகிறது என்று கேட்டார்கள். அவர் கைவிரித்தார்.

"எல்லாம் கலந்துதான் சார் வருது. கரி, தண்ணி, காத்து, வெயில், அணு எல்லாம் ஒரே கம்பியில. ஆத்துத் தண்ணியை ஒரு குடம் மொண்டுட்டு, இதுல எது எந்த மேகம் பேஞ்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அதைப் பிரிச்சுக் குடுக்க முடியாதா?"

"முடியாது. தேவையும் இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாளிலிருந்து மாடிகளுக்குள் சண்டை. நிலக்கரி அதிகாரி, லிஃப்ட் நிச்சயம் தன்னுடைய மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அவ்வளவு எடையை வேறு யாரால் தூக்க முடியும் என்றார். காற்று அதிகாரி மின்விசிறிகளைக் கேட்டார். சூரிய அதிகாரி பகல் முழுவதும் தனக்கு என்றார். அணு அதிகாரி தன் பங்கு எது என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார், ரகசியம். அடுத்தவன் பெயரும் இருக்கும் தாளில் யாரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. நீர் அதிகாரி பிரச்சினையைக் கோப்பாக்கி, மற்றக் கோப்புகளோடு சேர்த்துத் தேக்கி வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் யாரோ ஒரு புத்திசாலி, வெளிக் கம்பியே வேண்டாம், சைக்கிள் மிதித்து நாமே தயாரித்துக்கொள்ளலாம் என்றார். நாலு சைக்கிள்கள் வந்தன. உதவி அலுவலர்கள் வியர்க்க வியர்க்க மிதித்தார்கள். இயக்குநர் மேஜை விளக்கு சிவப்பாக எரிந்தது. நான் எழுந்துபோய், மிதிப்பவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள், அந்தச் சாப்பாடு எந்த வெயிலில் விளைந்தது, எந்தப் பம்புத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்டேன். விளக்கை அவர்களே அணைத்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் காலை ஆய்வாளர் அலுவலக அடுப்பில் அரக்கை உருக்கினார். பிள்ளைகுட்டிக்காரர், பதவியை விட முடியுமா? தரைத்தளத்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, நாடா கட்டி, முத்திரை வைத்தார். லிஃப்ட் ஒரு முனகலோடு நின்றது. விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. குளிர்சாதனம் அடங்கியதும் ஐந்து மாடியிலும் முதல் முறையாக மனிதர்கள் பேசும் சத்தம் கேட்டது. கண்ணாடி முகப்பில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திறக்க ஒரு ஜன்னல்கூட இல்லை.

அன்றே என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மதகுக்குப் போனேன்.

"உடைங்க," என்றேன்.

"மறுபடி வந்து வெச்சுடுவாங்களே?"

"எதுல உருக்குவாங்க?"

அவர், கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்த்திராத ஒரு சிரிப்புச் சிரித்து, சுத்தியலை எடுத்தார். இரண்டு நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். சக்கரம் சுற்றுவதைப் பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அரக்கு இல்லம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊரில் எங்குமே இப்போது அவர்களால் ஒரு முத்திரை வைக்க முடியாது. பெட்டியில் புதிதாக முட்டை அடுக்கினேன்.

அதற்கடுத்த வாரம் இயக்குநர் ஆள் அனுப்பினார். ஐந்து மாடி ஏறிப் போனேன். கம்பளம் ஈரமாக நாறியது. இயக்குநர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று எங்கள் சக்கரத்துக்கான பிறப்புச் சான்றிதழ், ஐந்து கையெழுத்தோடு. முப்பத்தொரு வருஷத்தில் முதல் சான்றிதழ். இன்னொன்று நான் ஐயத்தைத் திரும்பப் பெறும் படிவம்.

"விதியையே ரத்து பண்ணிடலாமே சார்? ஒன்பதாவது விதி இல்லன்னா முத்திரையும் இல்ல," என்றேன்.

"அந்த விதி இல்லாட்டா இந்தத் துறை எதுக்கும்மா?" என்று அவர் பதறினார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். மேல மூச்சு விட முடியல. ஆளுங்க மயக்கம் போட்டு விழறாங்க."

படிவத்தைப் படித்தேன். நாலாவது கட்டத்தில், 'ஐயம் எழுப்பியவருக்கு ஏற்பட்ட குறை தீர்ந்த விவரம்' என்று இருந்தது.

"குறை தீரலையே சார். தீராம எப்படி எழுதறது? பொய் எழுதினா இருபத்திரண்டாவது விதிப்படி எனக்குத் தண்டனை."

"என்ன செஞ்சா தீரும், சொல்லுங்க!"

கொண்டுபோயிருந்த பையைத் திறந்தேன். அன்று குழியில் போடாமல் முப்பது முட்டைகளை மட்டும் மரத்தூளில் புதைத்து எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தட்டை அவர் மேஜையில், சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல ஒண்ணு பொரிஞ்சா போதும் சார். அன்னைக்கே வந்து கையெழுத்துப் போடறேன்."

அவர் முட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் எல்லாவற்றின் பிறப்பையும் விசாரித்த மனிதருக்கு முட்டையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் நம்பிக்கை வந்தது.

"நாங்க என்ன செய்யணும்?"

"சூடு வேணும். அது இங்க தாராளமா இருக்கு. தினம் மூணு தடவை திருப்பிவிடணும். அறையை விட்டு வெளிய எடுக்கக்கூடாது."

"மூணு தடவை," என்று அவர் எழுதிக்கொண்டார். சான்றிதழை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.

மிச்சத்தை ஆய்வாளர் வந்து சொன்னார். இயக்குநர் முறை வைத்துச் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். மாடிக்கு ஒரு நாள், அதிகாரியே நேரில் வந்து திருப்ப வேண்டும். நிலக்கரி திருப்பினார், நீர் திருப்பினார். காற்றின் முறையன்று அவர் வரவில்லை, பதிலுக்கு அணு கையுறை போட்டுக்கொண்டு திருப்பினார். ஐந்தாம் நாள் சூரிய அதிகாரி குனிந்து முதல் முட்டையைத் தொட்டதும் அது வெடித்தது. ஒன்று வெடித்த அதிர்ச்சியில் அவர் தட்டைத் தவறவிட, மற்றவையும் சேர்ந்து வெடித்தன. ஐந்து மாடிக்கும் நாற்றம் இறங்கிவிட்டதாம். கண்ணாடியை உடைக்கலாமா என்று கேட்டுக் கோப்பு சுற்றுகிறதாம்; இரண்டு முட்டைகள் மட்டும் உடையாமல் தப்பியிருக்கின்றனவாம், அவற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் திருப்பிக்கொண்டிருக்கிறார்களாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆய்வாளரும் சிரித்தார், அவருக்கு வெளி வேலை. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனசு அப்படி.

"பாவம், போதும் விடு," என்றார். "அவங்களும் மனுஷங்கதானே. போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு."

பெட்டியில் முட்டைகளைத் திருப்பிவிடும் நேரம். எழுந்தேன்.

"இன்னும் ரெண்டு இருக்குங்களே," என்றேன். "பொரியட்டும்."